மூன்றாம் வீட்டு விளக்கு

1978 ஆகஸ்ட் 12, காலை 6.50. இசோதானி துறைமுகத்துச் சமூகக்கூடத்தைத் திறந்த காப்பாளர் ஓவாதா, ஏழாவது படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டார். படத்திலிருந்த திருவிழாத் தெருவின் நடுவே, மூன்றாம் வீட்டுக் கூரைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. யாரோ கத்தியால் வெட்டி எடுத்திருந்தார்கள்.

7.10க்குக் காவலர் குசுமி வந்தார். அந்தச் சின்ன ஊருக்கு அவர் ஒருவர்தான் போலீஸ். ஓபோன் பண்டிகைக்காக மாட்டியிருந்த பன்னிரண்டு படங்களும் பழைய மரப்பலகை அச்சுப் படங்களைப் பார்த்துக் கையாலேயே பெரிதாக வரைந்த பிரதிகள். வரைந்தவள் மியோகோ, குசுமியின் பள்ளித் தோழன் கென்சாகுவின் மனைவி.

கென்சாகு பிப்ரவரியில் படகோடு காணாமல் போனவன். பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு வடக்கே ஏதோ துறைமுகத்துக்குப் போய்விட்டான், கோபம் தணிந்ததும் வருவான் என்று தொமியே என்ற அவன் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபது வயதில் அப்படிப் போய் ஒரு வருடம் கழித்துத் திரும்பியவன்தான் அவன். குசுமியும் அதை நம்பி வடக்குத் துறைமுகங்களுக்கெல்லாம் கடிதம் எழுதியிருந்தார்.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. மியோகோகிட்ட ஒண்ணு. மாதர் சங்கம் பெருக்கித் துடைக்கறதால தொமியே அக்காகிட்ட ஒண்ணு. யாரைப் பிடிக்கணும்னு இதுக்கு மேலயும் உனக்கு நான் சொல்லணுமா, போலீஸ்காரரே?"

"சொல்லுங்க."

"மருமகளைக் கண்டாலே ஆகாத மாமியாரைத்தான்."

நேற்று மாலை படங்களை மாட்டும்போது நடந்ததையும் ஓவாதா சொன்னார். இந்தப் படத்தில் ஒரு விளக்குக்கு மட்டும் வண்ணம் பூச மறந்துவிட்டாய் என்று மியோகோவிடம் சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம். நாளைக் காலை பத்து மணிக்கு உன் மாமியார் சங்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாள், அதற்குள் பூசிவிடு என்றும் சொன்னாராம்.

குசுமி படத்தை நகர்த்திப் பின்னால் பார்த்தார். சுவரில் ஒரு கீறலும் இல்லை. வெட்டின் நான்கு மூலைகளும் மயிரிழை பிசகாமல் கூடியிருந்தன. படம் நேராகவே தொங்கிக்கொண்டிருந்தது. மேசையிலிருந்த அச்சுப் படப் புத்தகத்தைப் புரட்டி, மூலத்தில் அந்த இடத்தைத் தேடினார். எல்லா வீட்டு வாசலிலும் சிவப்பு விளக்குகள். ஓட்டையின் கீழ் விளிம்பில், கத்திக்குத் தப்பிய விளக்குக் குஞ்சத்தின் நுனி ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

அந்தப் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

8.20. துறைமுகத் தெருவின் மூன்றாம் வீடுதான் கென்சாகுவின் வீடு. கொல்லைப்புறத்து வரைகூடத்தில் மியோகோ தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வெட்டினது நீதானே?"

அவள் நிமிரவில்லை. "அத்தைதான்னு ஊர்ல சொல்றாங்களாமே, அண்ணா."

"கோபத்துல வெட்டுறவங்க படத்தைக் கழட்டி, கீழ பலகை வச்சு வெட்டி, மறுபடி நேரா மாட்டிட்டுப் போக மாட்டாங்க. ஓவாதா சொன்ன மாதிரி நீ மறந்திருந்தா, அங்க வெறும் தாள்தான் இருந்திருக்கும். அச்சுப் படத்துல வெள்ளைன்னா வெறும் தாள். நீயும் மத்த இடத்துல எல்லாம் அப்படித்தான் விட்டிருக்கே. அந்த ஒரு விளக்குக்கு மட்டும் சிப்பிப் பொடி வெள்ளையைத் திரும்பத் திரும்பப் பூசியிருக்கே. மறந்து விட்டது இல்ல. தெரிஞ்சே வரைஞ்ச வெள்ளை விளக்கு."

செத்தவர்களின் ஆவி வீடு திரும்பும் ஓபோனில், அந்த வருடம் சாவு விழுந்த வீட்டு வாசலில் மட்டும்தான் வெள்ளை விளக்குத் தொங்கும். புதிதாகச் செத்தவருக்கு வீடு அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக.

"கென்சாகு இல்லைன்னு உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டார் குசுமி.

மியோகோ தாள்கள் அடுக்கியிருந்த இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து, படகில் போகிறவர்கள் மூழ்காமலிருக்கப் போடும் மிதவைச் சட்டை ஒன்றை எடுத்து வைத்தாள். நெஞ்சில் கென்சாகுவின் பெயர். ஏப்ரலில் பக்கத்துத் துறைமுகத்து மீனவர் ஒருவர் வலையில் சிக்கியதென்று கொண்டுவந்து கொடுத்தாராம். பட்டிகள் மாட்டியபடியே இருந்தன. உள்ளே ஆள் இல்லை.

"என்கிட்ட ஏன்மா சொல்லல?"

"சொன்னா அவர் செத்துட்டார்னு நீங்க பதிவேட்டுல எழுதியாகணும். அத்தைகிட்ட சொல்லியாகணும். தினம் காலைல என்னைத் திட்டிட்டுத்தான் அவங்க சாப்பிடவே உக்காருவாங்க. நான்தான் துரத்திட்டேன்னு திட்டுறாங்கன்னா, அவங்களைப் பொறுத்தவரைக்கும் அவர் எங்கயோ உயிரோட இருக்கார்னுதானே அண்ணா அர்த்தம்? திட்டட்டும்னு விட்டுட்டேன்."

அவளே தொடர்ந்தாள். "நாளைக்குச் சாயங்காலம் எல்லார் வீட்டுலயும் செத்தவங்களை வரவேற்கத் தீ மூட்டுவாங்க. நம்ம வாசல்ல வெள்ளை விளக்கு இருக்காது. அவர் எப்படிக் கண்டுபிடிச்சு வருவார்? வீட்டுல மாட்ட முடியல. படத்துலயாவது மாட்டினேன். என் படத்தை அத்தை ஒரு நாளும் பார்த்ததில்ல. பார்க்க வருவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"மேலே சிவப்பைப் பூசியிருக்கலாமே."

"தூரிகையைச் சிவப்புல தொட்டு எடுத்தேன். அவரோட விளக்கை நானே அணைக்கிற மாதிரி இருந்துச்சு." இடுப்புக் கச்சையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் காட்டினாள். அதை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் வெட்டியிருக்கிறாள்.

குசுமி அதை வாங்கவில்லை. மிதவைச் சட்டையை மட்டும் எடுத்து மடித்துத் துணியில் சுற்றினார். இனி அவர் தெரியாதது போல இருக்க முடியாது. அவளுக்கும் அது புரிந்திருந்தது. வேலைக்காக இடுப்பின் முன்பக்கம் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தாள்.

9.05. அதே வீட்டின் அடுப்பங்கரையில் தொமியே வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா குசுமி. வடக்கேருந்து கடுதாசி ஏதாவது வந்துச்சா?" அவர் வாயைத் திறப்பதற்குள் மருமகள் பக்கம் திரும்பிவிட்டாள். "விடிஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சு? அங்க உக்காந்து பூசிக்கிட்டே இருந்தா வீடு விளங்குமா? இப்படி இருந்தா அவன் எப்படி வீடு தங்குவான்? வரட்டும் அவன். உன் மூஞ்சியைப் பாக்கக் கூடாதுன்னு நானே சொல்லி வைக்கறேன்."

"சரி அத்தை," என்றாள் மியோகோ.

குசுமி துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். தொமியே விடாமல் திட்டிக்கொண்டே போனாள். அவள் திட்டி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.