நாற்பத்தோராம் எண் பாதம்

கட்டைவிரல் ஒரு நூலளவு உள்ளே சாய்ந்திருந்தது.

மை இழுத்துக்கொண்டிருக்கும் என்றுதான் சிந்துஜா முதலில் நினைத்தாள். படிவத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கீழே சிதம்பரம் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போயிற்று. மாடியில் அந்தச் சின்ன ஆராய்ச்சி அலுவலகம் முழுக்க மை வாசனையும், ஈரத்தில் ஊறிக் காய்ந்த காகித வாசனையும். நீலப் பாதத்தின் ஓரங்கள் சுத்தமாக இருந்தன. மை எங்கும் இழுக்கவில்லை.

"அக்கா, நாப்பத்தொண்ணு திரும்பவும் வளையிற மாதிரி இல்ல?" என்றான் கம்ப்யூட்டரில் பதிவேற்றுகிற அன்பரசு, தலையைத் தூக்காமலே.

"மாலதி டாக்டரே வெரிகுட்னு எழுதியிருக்காங்க. நீ வேலையப் பாரு."

சொன்ன பிறகுதான் குரலில் சூடு ஜாஸ்தியாகிவிட்டது அவளுக்கே தெரிந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பாதம் உள்ளே மடங்கிப் பிறந்த நூறு பிள்ளைகள் அந்தத் திட்டத்தில் இருந்தார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டால் பாதம் நேராகிவிடும். பிறகு நாலு வயது வரை ராத்திரியில் கம்பி வைத்த ஷூ போடவேண்டும், விட்டால் பழையபடி மடங்கும். அந்த நேர் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய், உள்ளங்காலில் நீல மை தடவி, படிவத்தில் ஒற்றி எடுத்து வருவது சிந்துஜாவின் வேலை.

நாற்பத்தோராம் எண், குமராட்சிக்கு அப்பால் இருக்கும் பொன்னியின் மகன் கொளஞ்சியப்பன். போன நவம்பரில், 2010 மழையில், மினிபஸ் குமராட்சியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வயலும் ரோடும் ஒரே தண்ணீர். திரும்பிக் கடலூர் வந்தவள், தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த தன் பிள்ளை இளவரசுவைப் பார்த்தாள். அதே எட்டு மாதம், அதே அளவுக் கால். மைப்பெட்டியைத் திறந்தாள், அவன் இடது காலில் தடவினாள், படிவத்தில் ஒற்றினாள். குதிகாலில் கொசுவத்தி சுட்ட பிறை போன்ற தழும்பு வெள்ளையாக விழுந்தது. அதையும் விரலால் மை தொட்டு நிரப்பினாள்.

டிசம்பரிலும் தண்ணீர் வடியவில்லை, அதனால் அதே வேலை. ஜனவரியில் ரோடு காய்ந்துவிட்டது. ஆனால் போனால், ரெண்டு மாசமா ஏன் வரல என்று பொன்னி கேட்பாள், அது டாக்டர் காது வரைக்கும் போகும். மூன்றாவது முறையும் இளவரசுவின் கால்தான்.

இப்போது மூன்று படிவத்திலும் கட்டைவிரல் சாய்ந்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமை சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளையின் இடது காலைத் தூக்கிப் பார்த்தாள். நேராக இருந்தது. தழும்பும் அதே இடத்தில். அழுகை வருகிற அளவுக்கு நிம்மதி. அப்படியானால் இது அன்பரசு வேலை. அவன்தான் தாளை மாற்றுகிறான். அவளைப் பிடித்துக்கொடுத்துவிட்டுத் தன் மச்சினிச்சிக்கு இந்த வேலையை வாங்கப் பார்க்கிறான். எல்லாம் பொருந்தி வந்தது. ஒன்றைத் தவிர. மூலையில் இருந்தது அவளுடைய கையெழுத்துதான்.

மறுநாளே ஃபைலைத் தன் மேஜையில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தாலிச்சரட்டில் கோத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை திறந்தபோது பாதம் பாதி வளைந்திருந்தது. வாழைப்பூ மடல் போல. விரல்கள் ஐந்தும் உள்ளே பார்த்தன.

அன்பரசு டீ டம்ளரை ஊதிக்கொண்டே அவளைப் பார்த்தான். "என்னாக்கா, மொகம் வெளுத்துப் போச்சு?"

ஃபைலை மூடிப் பூட்டினாள். வீட்டுக்குப் போய் மறுபடியும் காலைப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. படுத்தாள், தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மினிபஸ் ஏறினாள். குமராட்சி தாண்டி இறங்கியபோது உச்சி வெயில். அறுவடை முடிந்த வயலில் தாளடி அழுகிய வாடை. பொன்னி கூரை வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா மேடம்? கார்த்திகையிலயே ஷூ சின்னதாப் போயிடுச்சி. ஃபோன் போட்டா, கால் நல்லாருக்குன்னு ரிப்போர்ட்டு வந்துருக்கு, வர வேணாம்னுட்டாங்க. யாரு குடுத்தா அந்த ரிப்போர்ட்ட?"

சிந்துஜா தோள்பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"பழயபடி மடங்கிப் போச்சு மேடம். ராவும் பகலுமா அழுதன். இந்தத் திங்கக்கெழமதான், தானா நேராவ ஆரம்பிச்சுது." பொன்னி சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. "ஆனா ஒண்ணு சொல்லுங்க. எம்புள்ளைக்கி நாங்க சூடு கீடு எதுவும் வெக்கல. இது எப்பிடி வந்துது?"

பிள்ளையைத் தூக்கி இடது காலைக் காட்டினாள்.

பாதம் நேராக இருந்தது. குதிகாலில் பிறை போன்ற தழும்பு.

சிந்துஜா பையைக்கூட எடுக்காமல் ரோட்டுக்கு ஓடினாள். கடலூர் பஸ்ஸில் ஏறி வீட்டுக்காரர் மணவாளனுக்கு ஃபோன் போட்டாள். இந்த வாரம் அவருக்கு நைட் ஷிஃப்ட், பகலில் பிள்ளை அவரிடம்தான்.

"மாமா, பையன் காலப் பாருங்க. எடது கால."

"காலுக்கு என்னா? சொவத்தப் புடிச்சிகினு நிக்கிறான் சிந்து. இன்னைக்குதான் மொதமொதலா..."

சிக்னல் அறுந்தது. பரங்கிப்பேட்டை. ஆலப்பாக்கம். ஜன்னலில் உப்புக்காற்று. ஊர் பெயர்கள் நகரவே மாட்டேன் என்றன. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். வேலை போகட்டும். கால் மட்டும் இருக்கட்டும். சாமி, கால் மட்டும்.

வீட்டில் கரண்ட் இல்லை. சாயந்திர வெளிச்சம் வாசல் வரைக்கும்தான். மணவாளன் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார், தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இளவரசு பாயில் மல்லாந்து கிடந்து சிரித்தான்.

இடது காலைப் பிடித்தாள். நேராக இருந்தது. மூச்சு வந்தது.

குதிகாலைத் தடவினாள். வழவழ என்று இருந்தது. இன்னொரு முறை தடவினாள். தழும்பு இல்லை.

அப்போது உள்ளங்கைக்குள் ஏதோ அசைந்தது.

கட்டைவிரல். ஒரு நூல். பிறகு இன்னொரு நூல்.

நூறு தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தது போலவே பிடித்தாள். குதிகாலுக்கு ஒரு கை. விரல்களுக்கு ஒரு கை. வெளியே. மெதுவாக வெளியே. பிறகு மெதுவாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு.

பாதம் அவள் இரண்டு கையையும் தள்ளிக்கொண்டு உள்ளே திரும்பியது. குழந்தை அழவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. அவள் விரல்களில் நீல மை ஒட்டியிருந்தது.