வளையத்தில் கட்டிய வார்

நூல் போட்டுக் கட்டிய வளையம் சத்தம் போடாது. மார்லிஸ் அதைத் தன் கையாலேயே மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். அப்படியும், அடுப்பில் மான்கறி தளதளவென்று கொதிக்க, பனிக்காற்று ஜன்னல் சட்டங்களை உலுக்கிக்கொண்டிருந்த அந்த மதியத்தில், கூடத்திலிருந்து அது தெளிவாகக் கேட்டது. கிணிங். கொஞ்சம் விட்டு மறுபடி கிணிங்.

கரண்டியோடு ஓடிப்போய்ப் பார்த்தாள். பழைய குதிரைப்படைத் துப்பாக்கி, ஏழு தோட்டா சுடுவது, சுவர் முளைகளில் சாதுவாகப் படுத்திருந்தது. வீரன் தோள்வாரில் மாட்டித் தொங்கவிடுவதற்காக அதன் இடப்பக்கத்துக் கம்பியில் கோத்த இரும்பு வளையமும் அசையாமல் இருந்தது. முடிச்சு அவிழவில்லை. ஆனால் வளையத்தின் கீழே, மரத்தில் உராய்ந்த தடம், போன வாரம் எடுத்த போட்டோவில் இருந்ததைவிட ஓர் அரிசி நீளம் வளர்ந்திருந்தது.

யாரோ இதை எடுத்துப்போய்ச் சுமக்கிறார்கள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

துப்பாக்கி கெட்டால் கெடட்டும். முப்பது வருடம் கூட வாழ்ந்த புருஷன் தன்னிடமே மறைக்கிறானே என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

"வெர்ஜில், இத எடுத்துக்கிட்டு எங்க போற?" என்று கேட்டாள், அவன் காபிக்கு வந்ததும்.

"உன் பொம்மைய நான் எதுக்குத் தொடணும்? தொட்டா கைய ஒடிச்சிட மாட்டே?"

"காதுல பூ சுத்தாத. உன் சட்டையில குதிர வாட அடிக்குது."

"குதிரைய வித்து ஒம்பது வருஷமாச்சு. மூக்க டாக்டர்கிட்ட காட்டு."

சிரித்தான். ஆனால் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். சட்டையை அவள் இழுத்துப் பார்த்தாள். கையில், கப்பற்படை நாளில் பச்சை குத்திக்கொண்ட நீலத் தகைவிலான் குருவி, ஒரு சிறகு கோணல். அதை 'கோழி' என்று அவள் கேலி செய்யாத நாளே கிடையாது. அதற்கு மேலே, தோளிலிருந்து மார்புக்குக் குறுக்காக, நாலு விரல் அகலத்தில் வார் அழுத்திய சிவப்புத் தடம்.

"கொட்டாயில இடிச்சிக்கிட்டேன்," என்றான், அவள் கண்ணைப் பார்க்காமல்.

அவள் நம்பவில்லை.

இரவெல்லாம் அந்தத் துப்பாக்கி வந்த நாளே நினைவுக்கு வந்தது. அன்று வளையத்தை ஒரு காய்ந்த தோல் வார் கம்பியோடு இறுக்கிக் கட்டியிருந்தது. பட்டறையில் செய்ததல்ல, பின்னால் எவனோ சேர்த்தது. அவளைப் போலப் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்குப் பின்னால் சேர்த்ததெல்லாம் குப்பை. ஈரத்துணியால் ஊறவைத்து, அறுத்து, அடுப்பில் போட்டாள். வாரில் நீலமாக, பாதி நட்சத்திரம் போல ஏதோ கறை இருந்தது. மை என்று நினைத்தாள். கறி கருகிய வாடை இரண்டு நாள் போகவில்லை. பிறகுதான் வளையம் மரத்தைக் கீறாமலிருக்க நூல் கட்டினாள்.

மறுநாள் மதியம் சத்தம் வெளியிலிருந்து வந்தது.

முளைகள் காலி. பின்கதவு திறந்து கிடந்தது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பனியில் வெர்ஜிலின் காலடிகள் வேலிவரை நேராகப் போயின.

வேலியருகே நின்றுவிட்டன.

அங்கிருந்து குளம்புத் தடங்கள். ஆழமாக. அந்த இடத்துக்குக் குதிரை வந்த தடம் எந்தப் பக்கமும் இல்லை.

கிணிங், கிணிங். மேட்டுக்கு அப்பால். நடை. பிறகு ஓட்டம். பிறகு பாய்ச்சல்.

"வெர்ஜில்! வேணாம், வந்துடு! நான் ஒண்ணும் கேக்கல!"

சத்தம் நின்றது. காற்றும் நின்றது.

வீட்டுக்குள் திரும்பினாள். கூடத்தில் குதிரை வாடை. தரையில் அவள் கட்டிய நூல், முடிச்சு அவிழாமல்.

துப்பாக்கி முளைகளில் இருந்தது. அதன்மேல் பனி உருகிச் சொட்டியது. வளையத்தைப் புதிதாக ஒரு வார் கம்பியோடு இறுக்கிக் கட்டியிருந்தது. ஈர வார். வெளிறிய வார். மெல்லிய நரைமுடி இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

முடிச்சுக்குப் பக்கத்தில், நீலத்தில், ஒரு கோணல் சிறகு.

விரலால் வளையத்தைத் தட்டினாள். சத்தமே வரவில்லை.