ஐம்பத்து மூன்றாவது இரத்த வகை

இரத்தம் நோயாளிக்கு ஒத்துப்போகுமா என்று சோதிக்கும் பொருத்தமானி மூன்றாவது முறையாகவும் பச்சை விளக்கைக் காட்டியபோது, பிரசவ வார்டில் குழந்தை பெற்ற ரஹீமாவின் சிறுநீர், ஏற்றிய இரத்தம் உடைந்து சிவந்திருந்தது.

"அரைப் பை ஏறுறதுக்குள்ள நடுக்கம், இடுப்பு வலி. நிறுத்திட்டேன். ஆனா ரத்தப்போக்கு நிக்கல," என்றார் தொலைபேசியில் டாக்டர் மீனலோசனி. "ஒரு மணி நேரம் தாங்குவா இசக்கி. அதுக்குள்ள அவளுக்கு ஒத்துக்கிற ரத்தம் வேணும்."

பாளையங்கோட்டையின் அந்த இரத்த வங்கியில் மட்டுமல்ல, உலகெங்குமே பதினெட்டு ஆண்டுகளாக அந்தப் பச்சை விளக்கை எவரும் ஐயுற்றதில்லை. சிவப்பணுவின் மேற்பரப்பில் ஏ, பி தவிர கெல், டஃபி, கிட் என்று பொதுமக்கள் கேள்விப்படாத எத்தனையோ நுண் அடையாளங்கள், ஐம்பத்திரண்டு வகைகளாக உண்டு. தன்னிடம் இல்லாத ஒன்றைக் கண்டால் உடல் எதிர்ப்பொருளைச் சுரந்து, வந்த அணுக்களை உடைத்தெறியும். போர்த்தி என்னும் கருவி அந்தச் சண்டையை முடித்துவைத்தது. ஒவ்வோர் அணுவின்மீதும் அது ஒரு மறைபோர்வையை நெய்தது. போர்த்திய இரத்தம் எவருக்கும் அந்நியமாகத் தெரியவில்லை. வெற்றியின் வேகத்தில் அதே பொருள் மாத்திரைக்கும் முகப்பூச்சுக்கும், ஏன், ஐஸ்கிரீமுக்கும்கூட வந்துசேர்ந்தது. அரிய வகைக் கொடையாளர் பதிவேடு அலமாரிக்குள் போனது.

வங்கியின் பரிசோதகர் இசக்கியம்மாள் மட்டும் ஒரு பழக்கத்தை விடவில்லை. பை வெளியேறுமுன் அதன் ஒரு துளியை நோயாளியின் சீரத்துடன், அதாவது அணுக்கள் நீங்கிய இரத்தநீருடன், கண்ணாடிக் குழாயில் கலப்பாள்; ஒவ்வாவிட்டால் அணுக்கள் கட்டியாகும். பக்கத்திலேயே இன்னொரு குழாயில் நோயாளியின் சொந்த அணுக்கள். முதல் பை அவசரத்தில் அவளைக் கேளாமலே போயிருந்தது. இப்போது குழாய்களை வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்த்தாள்.

"என்னக்கா, இன்னும் தாலாட்டிக்கிட்டே இருக்கீங்க? பிள்ளை தூங்கிருச்சா?" போர்த்தியைப் பழுதுபார்க்க வந்திருந்த பொறியாளர் செல்வின் சிரித்தான். அன்று காலை சேகரித்துச் சோதித்து முடித்த ரஹீமாவுக்குரிய பி வகைப் பைகள் ஆறு கருவியின் கொக்கிகளில் தொங்கின. மூடியை இறக்கினால் போதும், அவை போர்த்தப்பட்டுவிடும்.

"உங்க மெஷின்தான் தூங்குது தம்பி. இங்க வந்து பாருங்க."

போர்த்திய இரத்தம் இருந்த மூன்று குழாய்களிலும் சிவப்பு ஒரே கட்டியாக உருண்டது. ரஹீமாவின் சொந்த அணுக்களோ புகைபோல் கலைந்தன.

"மெஷின் எதிர்ப்பு சைபர்னுல்லா காட்டுது?"

"எதோட ஒப்பிட்டு சைபர்?"

"கம்பெனி அனுப்புற ஒப்பீட்டு அணுக்களோட. அதுல வர்றதைக் கழிச்சிட்டுத்தான் முடிவு சொல்லும்."

"அந்த அணுக்கள் போர்த்தினதா, போர்த்தாததா?"

மூடியை நோக்கி நீண்ட செல்வினின் கை அந்தரத்தில் நின்றது. "போர்த்தினது," என்றான், குரல் இறங்கி.

ரஹீமாவின் உடல் போர்வையையே அந்நியமாகக் கண்டுகொண்டது. அந்த எதிர்ப்பு முழுவதையும் பொருத்தமானி ஒவ்வொரு முறையும் நேர்மையாகக் கழித்துவிட்டுப் பச்சை காட்டியிருந்தது.

"மூடியைத் தொடாதீங்க. அந்த ஆறும் அப்படியே வேணும்."

ஆறு பைகளின் துளிகளையும் தனித்தனிக் குழாய்களில் ரஹீமாவின் சீரத்துடன் கலந்து, பதினைந்து நிமிடம் இளஞ்சூட்டில் வைத்து, எதிர்ப்பொருளைக் காட்டிக்கொடுக்கும் நீர்மத்தைச் சொட்டி, மறுபடி சாய்த்தாள். நான்கு குழாய்களில் கட்டிகள். முதல் குழந்தை தந்தைவழியில் கொண்டுவந்த கிட் அடையாளத்தை ரஹீமாவின் உடல் மறக்கவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது. இரண்டும் ஐந்தும் மட்டும் புகையாகக் கலைந்தன.

ஆனால் போர்த்தாத பைக்கு வங்கியின் கதவு திறக்காது. அது சட்டம்.

"என் பொறுப்பு, அனுப்பு!" என்றார் மீனலோசனி தொலைபேசியில்.

"டாக்டர் சொன்னா கதவுக்குக் கேக்குமா?" என்றாள் இசக்கி, செல்வினைப் பார்த்து.

"கேக்காது. என் சாவிக்குக் கேக்கும். வேலை போனா நீங்கதான் சோறு போடணும்க்கா." அவன் பூட்டைத் திறந்து, இரு பைகளையும் தானே தூக்கிக்கொண்டு ஓடினான்.

மாலை ஐந்து மணிக்கு ரஹீமா டீ கேட்டாள். வார்டே ஆரவாரித்தது. முதலில் கத்தியவன் செல்வின்.

மறுநாள் அவன் சோதனைக்குத் தன் கையை நீட்டினான். அவனுடைய சீரமும் போர்த்திய அணுக்களைக் கட்டியாக்கியது. மருத்துவமனை ஊழியர் நாற்பது பேரில் முப்பத்தொருவருக்கு அப்படியே. அவர்களில் பலர் ஒருமுறைகூட இரத்தம் ஏற்றிக்கொண்டதில்லை. எல்லா வேறுபாடுகளையும் மறைக்க வந்த போர்வை, பலரும் அடையாளம் கண்டு விரட்டும் ஒரே முகமாகியிருந்தது. அறிவியல் உலகம் அதை ஐம்பத்து மூன்றாவது இரத்த வகையாகப் பட்டியலில் சேர்த்தது. எவரும் பிறக்கும்போது கொண்டுவராத ஒரே வகை அது.

பதிவேடு அலமாரியிலிருந்து இறங்கியது. தங்கள் நுண் அடையாளங்களை அறிந்துகொள்ள மக்கள் இசக்கியின் மேசை முன் வரிசையில் நின்றார்கள். "நான் டஃபி இல்லாதவன், தெரியும்லா?" என்று பேருந்தில் பெருமை பேசினார்கள்.

மூன்றாம் மாதம் ரஹீமா குழந்தையுடன் வந்தாள். "அக்கா, இவளுக்கும் ஒரு சீட்டு எழுதுங்க."

இசக்கி ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். கடைசிக் கட்டத்தில், 'போர்வை எதிர்ப்பு: இல்லை' என்று எழுதி, பேனாவை மூடாமல் நிமிர்ந்தாள்.

"ரஹீமா, இவளுக்கு முதல் ஐஸ்கிரீம் என்னைக்கு வாங்கிக் கொடுக்கீங்களோ, அன்னைக்கு மறக்காம எனக்குச் சொல்லிருங்க."