மூன்று மணிக்கு வருபவன்

அன்று மழை சொல்லிக்கொள்ளாமல் வந்தது. அவனும் அப்படித்தான் வந்தான்.

தையல் கடையின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நுழைந்தவனின் கையில் நனைந்த கோட்டு. அதன் இடது கை தோளோடு பிய்ந்து தொங்கியது. மணி மூன்று பத்து.

நேரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கடை அப்படி. வாசலில் படி கிடையாது. ட்ரையல் ரூமுக்குள் சக்கர நாற்காலி போய், திரும்பி, வெளியே வரலாம். விரல் மடங்காதவர்களின் சட்டைக்குக் காந்த பட்டன். தினமும் மூன்றிலிருந்து நான்கு வரை மெஷின் ஓடாது, பாட்டு கிடையாது, விளக்கில் பாதி அணைந்திருக்கும். இரைச்சல் தாங்காதவர்கள் நிம்மதியாக வந்து போகட்டும் என்று கடைக்காரி செய்த ஏற்பாடு. சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை வேறு: 'கேட்டுவிட்டுத்தான் உதவுவோம்.'

நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்கு எத்தனை பெரிய தவம் என்பது தெருவுக்கே தெரியும். ரேடியோ என்றுதான் அவளுக்குப் பேர். நாம் ஒரு பேச்சைத் தொடங்கினால் போதும், முடித்து வைக்கும் புண்ணியத்தை அவளே எடுத்துக்கொள்வாள்.

"சொல்லுங்க... என்ன வேணும்?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. சொல் வரவில்லை. ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து, 'கோட்டின் கை கிழிந்துவிட்டது' என்று எழுதி நீட்டினான்.

அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள்... இமை நுனியில் ஒரு மழைத்துளி, அதற்குப் பின்னால் ஒரு கூச்சம். மன்னிப்புக் கேட்டுக் கேட்டே பழகிப்போன கண்கள்.

'அடடா... காது கேக்காது போல...' அவளே முடிவு செய்துவிட்டாள்.

அந்தக் கடையில் துணி வெட்டுபவள் கட்டிங் அக்கா. பிறவியிலேயே காது கேட்காதவள். அவளிடம் அரைகுறையாகக் கற்ற சைகை மொழியில் கடைக்காரி கையை ஆட்டி, வாங்க, உட்காருங்க, நாளைக்குத் தயாராகிடும் என்றாள். அவன் திகைத்தான். பிறகு... தலையாட்டினான்.

வினை அந்தத் தலையாட்டலில்தான் தொடங்கியது.

அவன் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவனுக்குப் பாம்புக் காது. பிழைப்பே அந்தக் காதை நம்பித்தான். பேச்சுதான் திக்கும். அவன் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டும்போது எதிரில் நிற்பவர் முகத்தில் முதலில் பரிதாபம் வரும், அப்புறம் அவசரம் வரும். கடைசியில் அவன் நினைக்காத ஒரு சொல்லை அவன் வாயில் திணித்துவிட்டுப் போவார்கள். முதல்முறையாக ஒருத்தி அவனிடம் பேச்சையே எதிர்பார்க்கவில்லை. 'இதைப் போய் எதுக்குக் கெடுக்கணும்...'

வீட்டுக்குப் போய், போனில் வீடியோ பார்த்துச் சைகை மொழி கற்கத் தொடங்கினான். இங்கே இவளோ, அவனுக்காகத் தன் சைகையைத் தேற்றிக்கொள்ள, கட்டிங் அக்காவை மதியம் நிம்மதியாகச் சாப்பிடக்கூட விடவில்லை.

நன்றாகக் காது கேட்கும் இரண்டு பேர்... ஒருவருக்காக ஒருவர்... இப்படியும் ஒரு கூத்து உண்டா? ஆறு வாரம் நடந்தது.

கோட்டுக்குப் பிறகு ஒரு சட்டை வந்தது. அதற்குப் பிறகு, நன்றாகவே இருந்த இன்னொரு சட்டை வந்தது. பட்டனைக் கத்தரியால் வெட்டிக்கொண்டு வருகிறான் என்பது நூல் நுனியைப் பார்த்தாலே தெரியும். அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு பட்டனுக்கு அரை மணி நேரம் எடுத்துத் தைத்தாள்.

வாய் சும்மா இருக்குமா? குனிந்து தைத்தபடியே முணுமுணுப்பாள். அவனுக்குத்தான் கேட்காதே என்ற தைரியம்.

"இப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தா நான் எப்படி நூல் கோக்கறது..." என்றாள் ஒரு நாள்.

இன்னொரு நாள், "எங்கண்ணன் கேக்கறான், யாரையாவது மனசுல வச்சிருக்கியான்னு. என்னன்னு சொல்றது... மூணு மணிக்கு வரும், நாலு மணிக்குப் போயிடும்னா?"

அவன் காது மடல் சிவந்தது. அவள் பார்க்கவில்லை. கட்டிங் அக்கா பார்த்தாள்.

ஏழாவது வாரம், பள்ளிக்கூட நாடகத்துக்குத் தைத்த உடைகளைத் தூக்கிக்கொண்டு கடைக்காரி போனாள். அரங்கத்தில் பழைய பியானோ ஒன்று மூடி திறந்து கிடந்தது. அதற்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவன் ஒரே கட்டையைத் தட்டினான். காதைச் சாய்த்தான். உள்ளே எதையோ மயிரிழை திருகினான். மறுபடி தட்டினான். சுருதி சேர்க்கிறானாம்.

அவன் கோட்டின் இடது தோளில் அவள் போட்ட தையல்.

உடை மூட்டை கை நழுவி விழுந்தது. மெத்தென்ற சத்தம்தான். அவன் திரும்பினான்.

"கேக்குது," என்றாள். "உங்களுக்கு... நல்லாவே கேக்குது."

"நா... நா..."

"அந்த நூல் கோக்கறது... எங்கண்ணன் கேட்டது... எல்லாமே கேட்டிருக்கு?"

"கே... கே..."

"கேட்டுட்டு உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கீங்க. அதானே?"

அது இல்லை. ஆனால் அவன் முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

கடைக்கு வந்து கட்டிங் அக்காவிடம் கைகளாலேயே கொட்டித் தீர்த்தாள். "அக்கா, அவருக்குக் காது கேக்கும். நம்மளை ஏமாத்திட்டாரு."

அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். "தெரியும்" என்றன அவள் கைகள். "ரெண்டாவது வாரம் இஸ்திரிப் பெட்டி விழுந்துச்சே, நீயும் துள்ளின, அவரும் துள்ளினாரு. நான் துள்ளல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ரெண்டு பேரும் என் பாஷையைக் கடிச்சுத் துப்பினதைப் பொறுத்துக்கிட்டேனே, அது போதாதா?" அப்புறம் சுவர்ப் பலகையைக் காட்டினாள். "அது யார் எழுதினது? ஒரு நாளாவது அவர்கிட்ட கேட்டியா நீ?"

கடைக்காரி உட்கார்ந்துவிட்டாள். வாசலில் படி எடுத்தவள், பட்டனில் காந்தம் வைத்தவள், ஒரு மனிதனைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு என்ன குறை என்று தானே தீர்ப்பு எழுதியிருக்கிறாள். அந்த 'நா... நா...' நினைவுக்கு வந்தது. அது பொய் சொல்லும் வாயா? மூச்சுமுட்டும் வாய். 'சிரிச்சீங்க' என்று நான்தானே சொன்னேன்... அவர் எங்கே சொன்னார்...

ஆனாலும் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே. மூன்று நாள் ரேடியோவில் ஒலிபரப்பே இல்லை. அவனும் வரவில்லை. மூன்று மணி வரும், நாற்காலி காலியாகவே கிடக்கும், நான்கு மணி ஆகிவிடும். இனி வராமலே போய்விட்டால்?

நான்காம் நாள் பள்ளிக்கூடக் காவலாளியிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தாள். 'முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். உங்களுக்கு எப்படிப் பேசினால் வசதி? எழுதியா, கையாலா, வாயாலா?'

பதில் சனிக்கிழமை வந்தது. அதுவும் காலை பதினோரு மணிக்கு. இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றில் கட்டிங் அக்கா. பேன்ட் நீளம் குறைக்க வந்தவர், திரைச்சீலை அளவோடு வந்த அம்மாள், இன்னும் நாலைந்து பேர். அத்தனை பேருக்கும் நடுவில் புகுந்து அவன் மேசை முன்னால் வந்து நின்றான். கையில் நோட்டு இல்லை.

"வா... வா..."

"வாங்கிட்டுப் போக வந்தீங்களா தம்பி?" என்றார் திரைச்சீலை அம்மாள்.

"அம்மா, அவரே சொல்லுவாரு," என்றாள் கடைக்காரி.

"...வாயால," என்றான் அவன்.

மற்றவர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, சீட்டு எழுதிய அவளுக்குப் புரிந்தது. அவள் மெஷின் நின்றது. அக்காவும் மெஷின் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு அவன் உதட்டையே பார்த்தாள்.

"நீங்க சொன்னதெல்லாம் கே... கேட்டுச்சு. சி... சிரிக்கல." ஒரு மூச்சு எடுத்தான். "ம... மறுநாளும் வந்தேன். இன்னொரு த... தடவை சொல்வீங்களான்னு."

பேன்ட்காரர் தன் பேன்ட்டை மறந்தார்.

"எனக்கு உங்களை..."

அங்கே நின்றுவிட்டது. உதடுகள் ஒட்டிக்கொண்டன, கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த சொல் என்னவென்று கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். திரைச்சீலை அம்மாளுக்கு நாக்கு நுனியில் நின்றது. கடைக்காரிக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் ஊன்றி, அவன் கண்களை விட்டுக் கண் எடுக்காமல், சும்மா நின்றாள். அந்த முகத்தில் பரிதாபம் இல்லை. அவசரமும் இல்லை. ஐந்து நிமிடம் ஆச்சு என்று பேன்ட்காரர் ஊரெல்லாம் சொன்னார், அது புளுகு. அரை நிமிடம் இருக்கும்.

"...பிடிச்சிருக்கு."

அவள் கண்கள் நிறைந்தன.

"எனக்கும்..." என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் பேச்சு வரவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

அவன் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளாகச் சொல்லட்டும் என்று நிதானமாக உட்கார்ந்தான்.