நாலாவது சாக்கு

அந்த மாதம் முழுவதும் மழை. திண்டுக்கல்லில் இப்படி மழை பெய்தால் எல்லாருக்கும் கொண்டாட்டம்தான். மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு வேறு விட்டிருந்தார்கள். ஆனாலும் அறிவுச்செல்வியின் முகத்தில் சிரிப்பே இல்லை.

ஞானதாஸ் பெரியப்பா இறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

சொந்தப் பெரியப்பா இல்லை. அப்பாவோடு வேலை செய்தவர். பிரியாணிக் கடைகளில் விறகடுப்புக்கு மேலே புகைபோக்கி இருக்கும் அல்லவா? அதற்குள் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டிக்கொள்ளும். சுரண்டாமல் விட்டால் ஒருநாள் உள்ளேயே தீப்பிடித்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்வதுதான் இருவருக்கும் தொழில். முகத்துக்குத் துணி கட்டச் சொன்னால் பெரியப்பா கேட்கவே மாட்டார். இருபது வருடக் கரி அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அப்பா மொட்டைமாடியில் நிற்பார், பெரியப்பா கீழே அடுப்படியில். மழை உள்ளே இறங்காமலும், கரி சமையலறையில் கொட்டாமலும் இருக்க, புகைபோக்கிக்குள் நாலு இடத்தில் சாக்கை வைத்து அடைப்பார்கள். வேலை முடிந்ததும் நாலையும் எடுப்பார்கள்.

"எம்புட்டுண்ணே?" என்று அப்பா மேலிருந்து கத்துவார்.

"நாலும் வந்திருச்சு அப்பு!" என்று பெரியப்பா கீழிருந்து கத்துவார். அதைக் கேட்ட பிறகுதான் அப்பா இறங்குவார்.

இப்போது அப்பா தனியாகத்தான் போய் வருகிறார்.

அன்று மத்தியானம் நாகல் நகரில் அப்துல் சுக்கூர் பாய் கடை வேலையை முடித்துவிட்டு வந்தார். சாக்குக் கட்டை மூலையில் போட்டார். சாப்பிடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தினமும் இதே கதைதான். செல்விக்கு அழுகையாக வந்தது.

சும்மா இருக்கப் பிடிக்காமல் சாக்குகளை உதறிக் காயப்போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். மொபெட்டின் பையில் பார்த்தாள். நாலாவது சாக்கு எங்கேயும் இல்லை.

"அப்பா! சாக்கு மூணுதான் இருக்கு."

"நாலு இருக்கும், நல்லாப் பாரு."

"ரெண்டு தடவ எண்ணிட்டேன்ப்பா."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். அவரும் ஒருமுறை எண்ணினார். மூன்றுதான். புகைபோக்கிக்குள் சாக்கு அடைத்திருந்தால் புகை மேலே போகாது. மழைக்காகக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பவர் மூச்சுமுட்டிச் செத்தே போகலாம்.

"பாய் எப்பப்பா அடுப்புப் பத்த வப்பாரு?"

"நாலு மணிக்கு."

மணி மூன்றே முக்கால். அப்பா பாய்க்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இருவரும் மொபெட்டில் ஏறி மழைக்குள் பறந்தார்கள்.

வண்டி நிற்பதற்குள் செல்வி குதித்து ஓடினாள். சமையலறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே ஒரே புகை. பாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, அடுப்பில் இன்னொரு விறகைச் செருகிக்கொண்டிருந்தார்.

"ஈர வெறகும்மா... அதான் புகையுது... செத்த நேரத்துல..."

செல்வி பேசிக்கொண்டிருக்கவில்லை. பக்கத்தில் அரிசி கழுவிய தண்ணீர் அண்டாவில் இருந்தது. வாளியால் மொண்டு மொண்டு அடுப்பில் ஊற்றினாள்.

"ஏ புள்ள! என் அடுப்பு!"

"உள்ள சாக்கு இருக்கு மாமா! வெளிய வாங்க!"

அப்பா ஓடிவந்து பாயின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். மழையில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் பாய்க்கு விஷயம் விளங்கியது.

"முத்துக்கிருஷ்ணா, நீயா சாக்கை விட்டுட்டுப் போன?"

"நான்தான் பாய்," என்றார் அப்பா, தலையைக் குனிந்தபடி.

புகை கலைந்ததும் மூவரும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். சாக்கு மேல் வளைவில் நன்றாகச் சிக்கியிருந்தது. ஆறு மணிக்கு ஆட்கள் சாப்பிட வந்துவிடுவார்களே என்று பாய் தவித்தார். செல்வியை ஏற இறங்கப் பார்த்தார்.

"புள்ள ஒல்லியாத்தான இருக்கு. உள்ள ஏறி இழுத்தா சட்டுனு வந்துராதா?"

செல்வி அண்ணாந்து பார்த்தாள். கிணற்றைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல ஒரே இருட்டு. பெரியப்பா முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அவளைவிடச் சின்னப் பிள்ளைகளைப் புகைபோக்கிக்குள் ஏற்றினார்களாம். சிலர் உள்ளேயே சிக்கிச் செத்தார்களாம். பிறகுதான் அதைத் தடுக்கச் சட்டம் வந்ததாம். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"எந்தப் புள்ளையும் உள்ள ஏறக் கூடாது பாய்," என்றார் அப்பா. இருபது நாளில் அவர் உரக்கப் பேசிச் செல்வி கேட்டது அப்போதுதான்.

"வாய் தவறிருச்சுப்பா, மன்னிச்சுக்க," என்றார் பாய்.

அப்பா கம்புகளை ஒன்றோடு ஒன்று பூட்டி, நுனியில் கொக்கி மாட்டி, மாடியிலிருந்து ஒரு மணி நேரம் போராடினார். சாக்கு வெளியே வந்தபோது கூடவே கரியும் கீழே கொட்டியது. வெள்ளைத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக அடுப்படியில் நின்ற பாய்க்கு, இப்போது கண்கள் மட்டும்தான் வெள்ளையாகத் தெரிந்தன.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அழுதார்.

"இன்னைக்கு என்னையறியாம வழக்கம்போல மேல நின்னு கேட்டேன்த்தா. பதில் வரல. அண்ணன் இல்லங்கறது அப்பத்தான் ஒறச்சுச்சு. அதோட சாக்க எண்ணாமக் கெளம்பி வந்துட்டேன்."

செல்வி சுவரைப் பார்த்தாள். ஆணியில் பெரியப்பாவின் சிவப்புத் துண்டு தொங்கியது. அதை யாரும் தொடவே இல்லை.

"அப்பா, ஒவ்வொரு சாக்குலயும் நீளமா ஒரு கயிறு கட்டுவோம். கயித்து நுனி அடுப்பு வரைக்கும் தொங்கட்டும். நுனியில பெரியப்பா துண்டக் கிழிச்சுக் கட்டுவோம். உள்ள எத்தன சாக்கு இருக்கோ, அத்தன சிவப்பு கீழ தெரியும்."

அப்பா துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் செல்வி எழுந்தபோது அது நாலாகக் கிழிக்கப்பட்டு, நாலு கயிற்று நுனியிலும் கட்டப்பட்டிருந்தது.

அடுத்த வாரம் அப்பா வத்தலக்குண்டில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். சாயங்காலம் நனைந்துகொண்டே வந்தார். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கும் மேல நின்னு கேட்டேன்த்தா," என்றார்.

"பதில் வந்துச்சாப்பா?"

"எறங்கி வந்து பாத்தேன். அடுப்புக்கு மேல சிவப்பா ஒண்ணு ஆடுச்சு. இன்னும் ஒண்ணு உள்ள இருக்குன்னு அண்ணன் சொல்லிட்டாரு. திரும்ப ஏறி எடுத்துட்டு வந்துட்டேன்."

செல்வி மூலையில் கிடந்த கட்டை அவிழ்த்து எண்ணினாள்.

"நாலும் வந்திருச்சுப்பா!"