வீட்டை நீயே வைத்துக்கொள்

மட்டக்களப்பு கல்லடியில் இருந்த கேதீஸ்வரியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வருவதெல்லாம் மோட்டார் சைக்கிள் களவும் காணிச் சண்டையும்தான். அன்று வந்தது இலக்கியக் களவு. றஞ்சிதா ரீச்சர் தன் மாணவன் யதுர்ஷனோடு வந்திருந்தார். தகப்பனின் வங்கி இடமாற்றத்தால் போன வருடம் கண்டியிலிருந்து வந்த பையன்.

"இவன்ட கட்டுரைய கூடப் படிக்கிற நிருஷா களவெடுத்திட்டாள். பள்ளிக்கூட அதிபர் ஆதாரம் கேக்கிறார்" என்றார் ரீச்சர்.

'கண்ணாக்காடு' என்ற பழைய மட்டக்களப்பு நாவலின் மேற்கோள்களை ஆராயும் போட்டி அது. வெல்பவருக்குப் பல்கலைக்கழகப் படிப்புச் செலவு முழுவதும் கிடைக்கும். மண்டூர்க் கிராமத்திலிருந்து வரும் நிருஷாவுக்கு மேலே படிக்க அதைவிட்டால் வேறு வழியில்லை. இரண்டு கட்டுரைகளும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தன. யதுர்ஷனுடையது முதலில் மின்னஞ்சலில் வந்தது. நிருஷா கையால் எழுதியதை மறுநாள் கொடுத்தாள். கேட்டால் வாய் திறக்கவில்லையாம்.

"முந்தி வந்தவன்தானே சொந்தக்காரன், அக்கா" என்றான் உதவியாளன் சிவதர்ஷன். எண்ணெய் காயுமுன் வடையைப் போடுகிறவன் அவன்.

கேதீஸ்வரிக்கு, கேட்குமுன் பதில் வைத்திருப்பவர்கள் மேல் எப்போதும் சந்தேகம். கட்டுரையை நிதானமாக வாசித்தவர் ஒரு மேற்கோளில் நின்றார். மனைவியோடு சண்டை பிடித்த கணவன் பெட்டியோடு படியிறங்கும்போது சொல்கிறான்: "வீட்டை நீயே வைத்துக்கொள்." கீழே, 'நாவலின் ஆகக் கூரிய எள்ளல் இந்த வரி' என்று மட்டும் எழுதியிருந்தது.

நிருஷாவையும் அழைப்பித்தார். அவள் வந்து உட்கார்ந்ததும் யதுர்ஷனிடம் கேட்டார்.

"தம்பி, இந்த வரியில என்ன விசேஷம்?"

"தியாகம், மேடம். தன்னோட வீட்டையே பொண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்திட்டு வெறுங்கையோட போறான்."

"நீ சொல்லு, நிருஷா."

"அவன்ட வீடெண்டாத்தானே விட்டுக்குடுக்க? அது அவள்ட சீதன வீடு. எங்கட பக்கம் மாப்பிள்ளை பெட்டியோட வருவான், கோவமெண்டா பெட்டியோட போவான். இல்லாததைத் தானம் குடுக்கிறான், சிரிப்பு வராதா?"

சிவதர்ஷன் கட்டுரையைத் திரும்ப இழுத்துப் பார்த்தான்.

"கட்டுரை எள்ளல் எண்டுது, தம்பி தியாகம் எண்டுறார்" என்றார் கேதீஸ்வரி. "ஏன் எள்ளல் எண்டு எழுதினவர் விளக்கவே இல்ல. எல்லாருக்கும் தெரியும்தானே எண்டு விட்டிருக்கிறார். அப்பிடி விடுறது இந்த ஊரில வளந்த ஒராள்தான். வழக்கம் தெரியாதது குற்றமில்ல, தம்பி. விளங்காததை உன்ட பேரில அனுப்பினதுதான் குற்றம். உன்ட கைக்கு இது எப்பிடி வந்தது?"

யதுர்ஷன் நிலத்தைப் பார்த்தான். "டைப் பண்ணித் தாரேன்னு வாங்கினேன். கம்ப்யூட்டர் பழுதுன்னு திருப்பிக் கொடுத்திட்டேன்."

முகம் கறுத்த ரீச்சர் நிருஷாவின் பக்கம் திரும்பினார். "ஏன் புள்ள இதை எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா, ரீச்சர்?"

றஞ்சிதா பொய் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

"இல்ல, புள்ள" என்றார்.

கள்ளி என்று பள்ளிக்கூடமே சொன்னபோது அழாத நிருஷா, அப்போதுதான் அழுதாள்.