தலைவரின் தெளிவான குரல்

காலை ஆறே முக்கால். புசல்லாவைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற எல்லோருடைய போனிலும் ஒரே குரல்.

"போராட்டம் முடிஞ்சிருச்சு. எல்லாரும் மலைக்குப் போங்க."

தொழிற்சங்கத் தலைவர் முத்துலிங்கத்தின் குரல். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக்காம்பராவை மூடவிட மாட்டோம் என்று ஒரு வாரமாக வேலையை நிறுத்தியிருந்த பெண்களில் பாதிப்பேர் கூடையை மாட்டிக்கொண்டார்கள். பத்து மணிக்கு, தோட்டத்துரையிடம் விலைபோனவன் என்று தலைவரின் கூரையில் கல் விழுந்தது. மீதிப்பேரும் மறுநாள் போய்விட்டால் பிள்ளைக்காம்பராவுக்குப் பூட்டுத்தான்.

விசாரிக்க வந்த சப் இன்ஸ்பெக்டர் நிருஷா யாழ்ப்பாணத்துக்காரி. பிடித்தால் விடமாட்டாள்.

"நான் பேசவே இல்ல மேடம்," என்றார் முத்துலிங்கம். சொல்லோடு காற்றும் சீறியது.

கொழுந்தெடுக்கும் பாலம்மா அடித்துச் சொன்னாள்: "அவரு குரல்தான். இன்னிக்குத்தான் நல்லா விளங்குற மாதிரி பேசினாரு."

செய்தி வந்தது ஒரு புது எண்ணிலிருந்து. தலைவரின் போன் பழுது என்று குறிப்பு வேறு. பழைய பேச்சைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அதே குரலில் புதிதாகப் பேசும் காலம் இது. தலைவரின் பேச்சைப் பதிந்து வைத்திருந்தவர்கள் இருவர். ஒருவன் மருமகன் சதீஸ். அவன் போன் வாங்கியதே போன மாதம். அதில் இருந்த கூட்டப் பேச்சுகள் எல்லாவற்றையும் நிருஷா கேட்டுப் பார்த்தாள். மற்றவன் கண்டியில் இணையச் செய்திச் சேனல் நடத்தும் திலக்ஷன். போன வருடத் திருவிழாவில் தலைவரை நீளமாகப் பேட்டி எடுத்தவன்.

இரண்டு மணிக்கு அவனை வரவழைத்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித் தலைவரையும் பக்கத்தில் இருத்தினாள்.

பேட்டியை அப்போதே அழித்துவிட்டதாகத் திலக்ஷன் சொன்னான். "போன கிழமகூட போன்ல பேசினோம் மேடம். அதே வெண்கலக் குரல்."

"ஒரு மாற்றமும் இல்லையோ?"

"இல்லையே."

"ஐயா, இப்ப கதையுங்கோ."

முத்துலிங்கம் வாயைத் திறந்தார். மேல்வரிசையில் முன்பல் ஒன்றுகூட இல்லை. திலக்ஷனின் கண் அந்த வாயிலேயே நின்றுவிட்டது.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி கண்டி ஆஸ்பத்திரியில எடுத்த பல்லு," என்றாள் நிருஷா. "சதீஸின்ர பதிவு முழுக்கச் சீறல். காலமை பேசின ஆளுக்குப் பல்லு இருந்தது. பாலம்மா அதை அப்பவே சொல்லிட்டா. ஒருத்தரும் யோசிக்கேல்ல."

"பல்லு செட்டு கட்டிட்டாருன்னுல்ல நெனச்சோம்," என்றாள் வாசலில் நின்ற பாலம்மா.

தோட்ட அலுவலகம் சேனலுக்கு விளம்பரம் தருவதாக ஆசை காட்டியது என்று திலக்ஷன் ஒப்புக்கொண்டான். "ஒரு நிமிஷப் பேச்சு போதும் மேடம். மிச்சத்த கம்ப்யூட்டரே பேசிரும்."

"ஓம். பல்லு விழுந்ததை அதுக்கு ஆர் சொன்னது?"

மறுநாள் பெரட்டில் முத்துலிங்கம் நேரில் நின்று பேசினார். பாதி விளங்கவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாலம்மா கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.